பல்செட்டு ஏன் ஆடுகிறது?



புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு ரப்பர்த் தோட்டம் போட்ட காலத்தில், பல்செட்டின் தட்டும் ரப்பரால்தான் ஆனது. கந்தகம் சேர்த்துச் சுட்டு இறுக்கிய ரப்பர். இன்று அது அக்ரிலிக் பிளாஸ்டிக்.

தட்டு அப்படியே இருக்க, செட்டு ஏன் ஆடுகிறது? பல் பிடுங்கியபின் நம் தாடை எலும்பு தேய்கிறது. முதல் ஆண்டில் அதிகம், பிறகும் நிற்பதில்லை. மேல்செட்டு அகன்ற அண்ணத்தில் எச்சிலின் பிடிப்பால் ஒட்டிக்கொள்ளும். கீழே இடம் குறைவு, நாக்கும் தள்ளும், எலும்பும் கூடுதலாகத் தேயும். ஆகவே கீழ்ச்செட்டே அதிகம் ஆடும்.

அதற்காக வீட்டுப் பெரியவர்கள் செட்டைக் கத்தியால் சுரண்டுவதும் வேண்டாம். கழற்றி வைத்துவிட்டுக் கஞ்சியோடு காலம் தள்ளுவதும் வேண்டாம். பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பழைய செட்டுக்கே உட்புறம் புதிதாக வார்த்துத் தர முடியும்.

இரவில் செட்டைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் போட்டு வைப்போம். வெந்நீரில் தட்டு கோணிவிடும்.

செட்டு உரசிய புண்தானே என்று எதையும் விட்டுவிடக்கூடாது. இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். அது வாய்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். வெற்றிலை பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். தொடக்கத்திலேயே கண்டால் குணமாகும் வாய்ப்பும் அதிகம்.