கோளரங்கிற் கண்ட கேட்டை

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கோடை விடுமுறையில் நம் சங்கத்துப் பிள்ளைகள் 40 பேரைச் சென்னைக் கோட்டூர்புரத்திலுள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்திற்கு அழைத்துச் சென்றோம். அங்குக் கண்டவற்றைக் கூறுமாறு தலைவரவர்கள் பணித்தனர். கண்டு மகிழ்ந்தவற்றோடு யாம் நாணியதொன்றும் உண்டு. அதனையும் மறையாது கூறுதல் எம் கடன்.

காட்சிக் கூடங்களிற் பிள்ளைகள் கருவிகளைத் தம் கையாலேயே இயக்கிப் பார்த்தனர். ஏட்டிற் பலகால் ஓதியும் விளங்காத விதிகள் ஆண்டு நொடியில் விளங்கின. பின்னர், 1988-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பிர்லா கோளரங்கத்துட் புகுந்தோம். கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரையின்கீழ் அமர்ந்தோம். விளக்குகள் அவிந்தன, நண்பகலில் நள்ளிரவு வானம் எம் தலைமீது விரிந்தது.

நாண்மீன்கள் 27-இன் பெயரையும் 20 ஆண்டுகளாக மாணாக்கர்க்கு ஓதுவித்து வருகின்றோம். எனினும் கார்த்திகை யொன்றனையன்றி வேறெதனையும் வானிற் சுட்டிக்காட்ட அறியோம். அன்றுதான் தேள் வடிவான மீன்கூட்டத்தின் நடுவே செம்மணி போல் ஒளிரும் கேட்டையைக் கண்டோம். அதன் தொலைவு ஏறத்தாழ 550 ஒளியாண்டு. ஞாயிற்றின் ஒளி நம்மை எட்ட 8 நிமிடமே செல்லும். கேட்டையின் ஒளிக்கோ 550 ஆண்டு வேண்டும்.

அப்பொழுது எம் அருகிருந்த சிறுமி யொருத்தி, "ஐயா, இத்தனை தொலைவில் இருக்கும் மீனா எங்கள் அக்காளுக்கு வந்த வரனைத் திருப்பியது?" என்று மெல்ல வினவினாள்.

யாம் வாய்திறந்திலோம். அவ்வரன் பேசிய நாளில் உடனிருந்தோம். கேட்டையிற் பிறந்தவள் கணவனின் தமையனுக்கு ஆகாள் என்று சிலர் கூற, பஞ்சாங்கத்தைப் புரட்டி, "ஆம், கேட்டையே" என்று உறுதி சொன்னதும் எம் வாயே. பெண்ணின் தந்தையார் எம் முகத்தை நோக்கினார். யாம் அவர் முகத்தை நோக்கிலோம்.

அன்பர்காள்! திங்கள் வானை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27 நாள் ஆகும். அஃது எந்நாளில் எங்கு நிற்கும் என்றறியவே முன்னோர் அவ்வழியை 27 பகுதியாக வகுத்தனர். அவர்தம் நுண்ணறிவு போற்றற்குரியது. நாமோ அக்கணக்கைக் கொண்டு பெண்மக்களைக் கழிக்கின்றோம். மூலம், கேட்டை, ஆயிலியம், விசாகம் என்னும் நான்கும் ஆகாவெனின், 27 பெண்களுள் ஏறத்தாழ நால்வர் யாதொரு குற்றமுமின்றி ஒதுக்கப்படுவர். அதே மூலத்திற் பிறந்த ஆண்மகனோ அரசாள்வான் என்கின்றோம்! இஃதென்ன நீதி?

ஊர் மீண்ட மறுநாளே அவ்வீட்டிற்குச் சென்று எம் பிழையை ஒப்புக்கொண்டோம். போன வரன் மீளவில்லை. அத்தந்தையாரின் இசைவு பெற்றே இதனை ஈண்டுக் கூறுகின்றோம்.

ஆதலின் சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகின்றோம். ஆண்டுதோறும் நம் பிள்ளைகளை, ஆணும் பெண்ணுமாக, பெற்றோருடன் கோளரங்கிற்கு அழைத்துச் செல்லல் வேண்டும். நம் சங்கத்து வரன் பதிவேட்டில், இந்நான்கு மீன்களைக் காரணங்காட்டி எப்பெண்ணையும் தள்ளோம் என்னும் உறுதிமொழியை முதலேட்டில் எழுதுதல் வேண்டும். அதில் முதற் கையொப்பம் எம்முடையதாகுக.

வரும் ஆனித் திங்களில், முன்னிரவில், தென்வானை நோக்குங்கள். கேட்டை அங்குச் செம்மையாக ஒளிரும். உங்கள் பெண்மக்களையும் அழைத்து அதனைக் காட்டுங்கள்.