குருதியமுக்கமும் பரம்பரையலகும்

உயர் குருதியமுக்கம் குடும்பவழி தொடர்வது நெடுங்காலமாக அறியப்பட்டதாயினும், பெரும்பாலோரில் அதற்கு ஒரு தனிப் பரம்பரையலகு காரணமன்று. பரம்பரையலகு என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடற்கட்டளை. முதிர்ந்த செங்குருதிக் கலங்களில் பரம்பரையலகு தங்கும் கரு இல்லாமையால், ஆய்வுகூடத்தார் அவ்வலகைக் குருதியின் வெண்கலங்களிலிருந்தே பிரித்தெடுக்கின்றனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வொன்று, குருதியமுக்கத்தோடு தொடர்புடைய புதிய இடங்களைப் பரம்பரையலகுத் தொகுதியில் 500க்கும் மேல் கண்டது. எனினும் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. ஆராயப்பட்டோர் ஐரோப்பிய வழியினராதலின், அம்முடிவை யாழ்ப்பாணத்தவர்மீது அப்படியே ஏற்றுதல் பொருந்தாது.

லிடில் நோய் போன்ற அரிய வகைகளில் மட்டும் ஒரேயோர் அலகின் பிழையால் சிறுநீரகம் உப்பை வெளியேற்றாது தேக்கிவைக்கிறது, அமுக்கம் உயர்கிறது. வடமராட்சியில் ஒரே கருவாட்டுக் குழம்பும் மோர்மிளகாயும் உண்டு வளர்ந்த அண்ணன் தம்பியருள் ஒருவருக்கே அமுக்கம் ஏறுவதற்கு, உப்பை உடல் கையாளும் விதத்தில் பரம்பரையாக அமைந்த வேறுபாடும் ஒரு காரணமாகலாம். யாருக்கு ஏறியுள்ளது என்பதை, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாயினும் ஊர் வைத்தியசாலையாயினும், கையில் சுற்றும் பட்டியே காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்க்குப் பரிந்துரைக்கும் உப்பளவோ நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், கருவாட்டின் உப்பும் அதிலேயே அடக்கம்.