தள்ளுபடி யாருடைய பணம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படித்தவள். மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஆனால் தினமும் வீட்டுக் கணக்கு எழுதுகிற பழக்கம் உண்டு. அதை வைத்துத்தான் பேசப் போறேன்.

ஆடி பிறந்தால் டவுனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தள்ளுபடி போர்டு. ஆடியில் நாம கல்யாணம் வைக்கிறதில்லை, கடையில் கூட்டம் குறையும். தீபாவளிக்குப் புதுச் சரக்கு வருவதற்குள் பழைய சரக்கு வெளியே போகணும். அதனால் கொடுக்கிறாங்க. இதில் தப்பு ஒன்றுமில்லை. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி நேரத்தில் 30 சதவீதம் தருகிறார்களே, அது கைத்தறி விற்றால்தான் நெசவாளிக்குத் தறியில் வேலை இருக்கும் என்று கொடுப்பது. தேவை இருந்தால் தாராளமா வாங்கலாம்.

ஆனால் போர்டில் இருக்கிற எண்ணை அப்படியே நம்பக்கூடாது. "50 சதவீதம் + 20 சதவீதம்" என்று போட்டிருக்கும். 1,000 ரூபாய் சேலைக்கு 700 குறையும் என்று நினைப்போம். முதலில் பாதி போய் 500. மிச்சமுள்ள அந்த 500-க்குத்தான் 20 சதவீதம், அதாவது 100. கொடுக்க வேண்டியது 400. ஆக, தள்ளுபடி 60 தான், 70 இல்லை. அந்த 1,000 என்ற விலையை எழுதியதும் கடைக்காரர்தான், அதையும் மறக்க வேண்டாம்.

கூப்பனும் இப்படித்தான். 2,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 ரூபாய் கூப்பன் என்பார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில், அடுத்த மாதத்துக்குள் மறுபடி 2,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் செல்லும் என்று இருக்கும். போகாவிட்டால் அது வெறும் காகிதம். போனால் 4,000 ரூபாய் சாமானுக்கு 500 குறையும். எட்டில் ஒரு பங்கு. நாம நாலில் ஒரு பங்கு கிடைச்சதா நினைச்சு சந்தோஷப்படுறோம். மளிகையில் பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்றும் எண்ண வேண்டாம். இப்போது நிறைய பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்றே அச்சடிச்சிருக்கு. இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து அதைப் பாருங்க.

போனில் "உங்களுக்கு கேஷ்பேக் விழுந்திருக்கு, பின் நம்பர் போடுங்க" என்று வந்தால் போடாதீங்க. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை. யாராவது ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் பண்ணணும்.

இனி "வட்டியே இல்லை" என்கிற தவணை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்றேன், ஏனென்றால் நம்மில் பலர் வீட்டுக்கு மிக்ஸி, பிரிட்ஜ் எல்லாம் இப்படித்தான் வருது. ஒரு பிரிட்ஜ் 20,000 ரூபாய். மாதம் 2,000 வீதம் பத்துத் தவணை, வட்டி பூஜ்யம். பைல் சார்ஜ் மட்டும் 500. மொத்தம் 20,500. அதே பிரிட்ஜை முழுப் பணமும் கையில் வைத்துக் கேட்டால் 18,500-க்குத் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போ அந்த 2,000 ரூபாய் வித்தியாசம் என்ன? பெயர் மாறிய வட்டிதானே! 2013-ல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டது.

அதே 18,500-ஐக் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு எடுத்து, மாதம் 1,850 அசல் கட்டினால், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். பத்து மாதத்துக்கு மொத்த வட்டி 1,018 ரூபாய்தான் வரும். உங்கள் குழுவில் இரண்டு ரூபாய் வட்டி என்றால் 2,035. தவணைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் ஒத்துக்கணும். ஆனா அது நம்ம குழுக் கணக்குக்கே திரும்பி வருது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மொத்தமா ரொக்கம் கொடுத்தா என்ன விலை அண்ணே?" தவணையில்தான் வாங்கப் போறோம் என்றாலும் முதலில் இதைக் கேளுங்க.

இவ்வளவு நேரம் வாங்குகிற இடத்தில் நின்று பேசினேன். நாம விற்கிறவங்களும்தானே. இந்தத் தீபாவளிப் பலகாரத்துக்கு 20 சதவீதம் தள்ளுபடி போடலாம் என்று நம்ம கூட்டமைப்பில் பேச்சு நடக்குது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்க.

ஒரு கிலோ முறுக்கு 300 ரூபாய்க்கு விற்கிறோம், கூலியோடு சேர்த்து அடக்கம் 240 என்று வைப்போம். லாபம் 60. 300-க்கு 20 சதவீதம் எவ்வளவு? அதே 60. விடிய விடிய அடுப்படியில் நின்றதற்கு ஒரு பைசா மிஞ்சாது. 10 சதவீதம் கொடுத்தால் லாபம் பாதியாகும். 100 கிலோவில் கிடைத்த அதே லாபத்துக்கு 200 கிலோ சுடணும். நம்ம கைக்கு அந்தத் தெம்பு இருக்கா?

பெரிய கடைக்குப் பழைய சரக்கு தேங்கி நிற்கும், தள்ளணும். நாம ஆர்டர் வாங்கித்தான் சுடுகிறோம். நமக்கு எதற்கு ஆடித் தள்ளுபடி? ஏதாவது கொடுத்தே ஆகணும் என்றால், மூணு கிலோ சேர்த்து வாங்குகிறவர்களுக்குக் கால் கிலோ கூடக் கொடுப்போம். அவர்களுக்கு அது 75 ரூபாய்ப் பண்டம், நமக்கு 60 ரூபாய்ச் செலவு. மூணு கிலோவுக்கு 120 ரூபாய் லாபம் நிற்கும். ஒரு கிலோ வாங்குகிறவர் முழு விலை கொடுப்பார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் எழுதுவதற்குள், பலகாரம் போடுகிற ஒவ்வொரு குழுவும் மாவு, எண்ணெய், கேஸ், பை, பஸ் செலவு, கூலி எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு வாங்க. கூலியை எழுத மறந்துடாதீங்க. எப்பவும் அதைத்தான் விட்டுடுறோம்.