உயரமும் ஆழமும் ஒரு சொல்

இலத்தீனிலே 'அல்த்துஸ்' என்றொரு பெயரடை உண்டு. மலைக்குச் சொன்னால் உயர்ந்தது. கடலுக்குச் சொன்னால் ஆழ்ந்தது. முரண்போலத் தோன்றும். வேரைப் பார்த்தால் முரணில்லை. ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் 'அலெரே' என்னும் வினையின் இறந்தகால எச்சமே இது. 'வளர்ந்த' என்பதே முதற்பொருள். மேல்நோக்கி வளர்ந்தாலென்ன, கீழ்நோக்கி வளர்ந்தாலென்ன?

நமது 'உயர்ந்த' என்பதும் வினையடியாகப் பிறந்த பெயரெச்சந்தானே! ஆனால் நம்முடையது எப்பெயரின் முன்னும் மாறாது. இலத்தீனிலோ பெயரின் பாலைத் தழுவி, மலைக்கு அல்த்துஸ், மரத்துக்கு அல்த்தா, கடலுக்கு அல்த்தும் என ஈறு திரியும். அங்கே மரம் பெண்பால்!

வேர்ஜில் தம் 'ஈனியட்' காவியத்தில் 'அல்த்தும்' என்று மட்டுமே சொல்லி ஆழ்கடலைக் குறிப்பார். அச்சொல்லையே வானுக்கும் ஆள்வார். அகராதியின் முதற்பொருளை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் கப்பலை வானில் ஏற்றிவிடுவார்.