தாச்சி இல்லாத பலகாரம்

வழக்கமாக வருமான வரி, வீட்டுக் கடன் என்று பேசுகிற நான் இந்த மாதம் பலகாரத்தோடு வந்திருக்கிறேன். காரணம் என்னுடைய அம்மா.

அகதிகளாக லண்டனுக்கு வந்து ஒற்றை அறையில் இருந்த நாட்களில், அம்மா முறுக்குப் பிழிந்து கடைகளுக்குக் கொடுத்த காசில்தான் நான் வணிகவியல் படித்தேன். இரண்டு வருடங்களுக்கு முன், அவருடைய 82ஆவது வயதில், தாச்சி எண்ணெய் தீப்பற்றியது. அம்மா தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துவிட்டார். எரிகிற எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அந்த நொடியே நீராவியாகி நெருப்பை முகத்துக்கு வீசும். நல்ல காலம், மனைவி ஓடிவந்து தடுத்து அடுப்பை நிற்பாட்டிவிட்டா. சுவர் கறுத்ததோடு போயிற்று.

"இனி அடுப்புப் பக்கம் வரவேண்டாம் அம்மா" என்றேன். சொன்னது சரிதான். ஆனால் அன்றோடு அம்மா சமையலறைக்கே வரவில்லை. தேநீரைக்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பிறகு மகள் எயார் பிரையர் வாங்கி வந்தாள். 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் ஐரோப்பாவில் அறிமுகப்படுத்திய சாமான் இது. பெயரில்தான் பொரியல். மேலே சூட்டுக்கம்பியும் விசிறியும். சுழலும் சூட்டுக்காற்று ஈரத்தை இழுத்துவிடும். முறுக்கு மாவு அதில் சரிவரவில்லை. பாஸ்தா சரிவந்தது.

முதல் தடவை அரை அவியலில் எடுத்துவிட்டோம். கல்லு! அம்மா கட்டுப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, இதை நீயே சாப்பிடு" என்றார். நடுவில் வேகாத மாவு காய்ந்தால் பழையபடி பச்சைப் பாஸ்தாதான். ஆகவே பைக்கற்றில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேல் இரண்டு நிமிடம் அவியுங்கள்.

250 கிராம் போதும். வடித்துத் துணியில் பரப்பி ஈரம் போகவிடுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் பெருங்காயம் சேர்த்துப் பிரட்டி, இரண்டு மூன்று தடவையாக, ஒன்றின்மேல் ஒன்று கிடக்காமல் போடுங்கள். 200 பாகை செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். நாலு நிமிடத்துக்கு ஒருக்கால் குலுக்க வேண்டும். கறிவேப்பிலையை முதலிலேயே போட்டால் பறந்துபோய்க் கம்பியில் ஒட்டிக் கருகும். எண்ணெய் பூசி, கடைசி இரண்டு நிமிடத்துக்குப் பாஸ்தாவின் அடியில் செருகுங்கள். இது அம்மா கண்டுபிடித்தது. வறுத்த கச்சானை இறக்கியபின் கலவுங்கள். பொன்னிறத்தில் நிறுத்துங்கள், மாப்பொருள் கருகினால் அக்ரிலமைட் கூடும் என்று பிரித்தானிய உணவுத் தர முகவரகம் 2017இல் எச்சரித்தது. நன்றாக ஆறியபிறகே பேணியில் அடையுங்கள், இல்லாவிட்டால் பதத்துப் போகும்.

கணக்கர் என்றபடியால் இதையும் சொல்லவேண்டும். 1500 வட் சாதனம் 12 நிமிடம் ஓடினால் மின்சாரம் 0.3 யூனிற்றுக்கு மேல் போகாது. எண்ணெய்ச் செலவு கைவிரலில் எண்ணலாம். ஆனால் சீனி வருத்தக்காரர் கவனம்: குறைந்தது எண்ணெய் மட்டும்தான், மாப்பொருள் அப்படியே இருக்கிறது. கிண்ணத்தில் அளந்து எடுங்கள்; பேணியோடு தொலைக்காட்சிக்கு முன் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்து பார்த்தவன்.

இப்போது குலுக்குகிற வேலை அம்மாவுடையது. ஈரம் இருந்தால் பொத்துப் பொத்தென்றும், பதம் வந்தால் கலகலவென்றும் சத்தம் கேட்குமாம். மணி அடிக்குமுன்பே கதிரையை விட்டு எழும்பிவிடுவார். போன சனிக்கிழமை எனக்கும் ஒரு தேநீர் ஊற்றித் தந்தார்.