நீலம் மறையும் நேரம்

நான்காம் படிவ உயிரியல் வகுப்பில் நொதிப் பாடம் வந்தால், ஜொகூர் பள்ளி ஆய்வுக்கூடங்களில் அயோடின் புட்டி வெளியே வந்துவிடும். மாவுச்சத்துக் கரைசலில் அமிலேஸ் நொதியைக் கலந்து, முப்பது விநாடிக்கு ஒரு துளி எடுத்து அயோடினில் விடுகிறார்கள். மாவுச்சத்து மிச்சமிருந்தால் துளி கருநீலமாகும். எல்லாம் உடைந்து முடிந்திருந்தால் அயோடினின் பழுப்பு மஞ்சள் அப்படியே நிற்கும். வெவ்வேறு வெப்பநிலையில் வைத்த குழாய்களில் எதில் நீலம் முதலில் மறைகிறது?

உமிழ்நீர் அமிலேஸ் என்றால் 37 பாகையை ஒட்டி. உடம்பின் சூடும் அதுதானே.

அருமையான பரிசோதனை இது. ஆனால் அவசரப்பட்டால் பொய் சொல்லும். கரைசலையும் நொதியையும் தனித்தனியே ஐந்து நிமிடமாவது நீர்த்தொட்டியில் வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே கலக்க வேண்டும். வெறுமனே ‘அறை வெப்பநிலை’ என்று எழுதுவதும் சரியல்ல. குளிர்நாட்டுப் பாடநூலில் அது 20 பாகை. ஜொகூர் பாருவின் நண்பகலில் 30 பாகையைத் தாண்டும். வெப்பமானியைப் பார்த்து எண்ணைக் குறிப்பதே முறை.

இன்னொரு குறை பெரியது. பனிக்கட்டியில் இருந்த குழாயிலும் 80 பாகையில் இருந்த குழாயிலும் நீலம் மாறாமல் நிற்கும்; அட்டவணையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே நடந்ததோ வேறு. குளிரில் மூலக்கூறுகளின் ஓட்டம் தளர்வதால் நொதியும் மாவுச்சத்தும் சந்திப்பது அரிதாகிறது. கடுஞ்சூட்டில், வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல, நொதியின் புரத மடிப்பே குலைந்துபோகிறது. இரண்டு குழாய்களையும் எடுத்து 37 பாகை நீரில் வைத்தால் உண்மை தெரியும்: குளிர்ந்திருந்த குழாயில் நீலம் மெல்ல மறையும், மற்றதில் மறையாது. மணி அடித்துவிட்டது என்று இந்தப் படியை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

இதே பாடத்தைப் பழத்திலும் காட்டலாம். பொந்தியான் மாவட்டத்தில் பெக்கான் நெனாஸ் என்று அன்னாசியின் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. பச்சை அன்னாசியில் புரோமிலேன் என்ற நொதி உண்டு. அது புரதத்தை அறுக்கும். புரதமான ஜெலட்டினின் கரைசலில் பச்சைத் துண்டைப் போட்டால் கரைசல் உறையாது. டின் அன்னாசியைப் போட்டால் உறைந்துவிடும், டின்னில் அடைக்கும்போது கொடுத்த சூட்டில் நொதி செயலிழந்துவிட்டதால். அகார் அகாரில் மட்டும் இதைச் செய்ய முடியாது. அது கடற்பாசியிலிருந்து எடுக்கும் பல்சர்க்கரை வகை. புரோமிலேனுக்கு அறுக்க அதில் புரதம் இல்லை. கடையில் வாங்கும்போதே பாக்கெட்டில் ஜெலட்டின் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.