குறை சொன்னவர் கூட நின்றார்



குறை சொன்னா உறவு முறிஞ்சு போகும்னு எதிரணித் தலைவர் அடிச்சுப் பேசிட்டுப் போனாரு. அவர் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாதுங்க! (சிரிப்பு) நான் ரஷ்யாவுல நடந்ததைச் சொல்றேன்.

1898ஆம் வருஷம். நீஷ்னி நோவ்கொரத் என்கிற வெளியூர். செய்தித்தாளுக்கு எழுதிப் பிழைச்ச 30 வயசு இளைஞர். சினிமா முதன்முதலா அந்த ஊருக்கு வந்தப்போ, 1896லேயே அதுக்கு விமர்சனம் எழுதினவர். பேரு மக்சீம் கார்க்கி! 'தாய்' நாவலுக்கெல்லாம் முந்தின கதைங்க இது.

செகாவின் 'வான்யா மாமா' நாடகத்தைப் பார்த்து அழுதவர், செகாவுக்கே கடிதம் போட்டார். தன் கதைகளைப் பத்தியும் அபிப்பிராயம் கேட்டார். செகாவ் அப்போ காசநோயோட யால்டாவுல இருக்கார். அங்கிருந்து பதில் வந்தது.

திறமை இருக்குன்னு பாராட்டினார். அதோட நிறுத்தலீங்க. எழுத்துல கட்டுப்பாடு இல்லை, தானும் கேட்காம அடுத்தவனையும் கேட்கவிடாம ஆரவாரம் பண்ற நாடக ரசிகன் மாதிரி எழுதுறீங்கன்னுட்டார்! (சிரிப்பு) 1899ல இன்னொரு கடிதம். ஒருத்தன் புல்லுல உட்கார்ந்தான்னு எழுதினா சட்டுனு புரியும். அவன் உயரம், மார்பு, தாடின்னு அடுக்கினா வாசகன் திணறிப் போவான், வெட்டுங்கன்னார்.

கார்க்கி கோபிச்சுக்கிட்டாரா? இல்லை ஐயா! அதே 1899ல வந்த 'ஃபமா கர்தேயெவ்' நாவலைச் செகாவுக்கே காணிக்கையாக்கினார். (கைதட்டல்)

1902ல ரஷ்ய அறிவியல் கழகம் கார்க்கியைக் கௌரவ உறுப்பினராத் தேர்ந்தெடுத்தது. அவர் மேல போலீஸ் விசாரணை இருந்தது. ஜார் மன்னருக்குப் பிடிக்கலை. தேர்வு ரத்து! செகாவும் அந்தக் கழகத்து உறுப்பினர்தான். என்ன செஞ்சார்? வாழ்த்துச் சொன்ன நானே இந்த ரத்தையும் எப்படி ஏத்துக்குவேன்னு எழுதி, தன் பட்டத்தைத் தூக்கிக் கொடுத்துட்டார். கொரலென்கோ என்கிற எழுத்தாளரும் விலகினார். அவர் யாரு தெரியுமாங்க? ஆரம்ப காலத்துல கார்க்கியின் கவிதையைப் படிச்சுக் குறை சொன்னவர்! (பலத்த கைதட்டல்)

நட்பு சிரிச்சுப் பேச மட்டுமில்லை, தப்புப் பண்ணினா இடிச்சுச் சொல்லவும்தான்னு வள்ளுவர் சொன்னாரே, அது இதுதான். அடைமொழியை வெட்டச் சொன்ன அதே கைதான், தோழனுக்காகப் பட்டத்தையும் வெட்டி எறிஞ்சது.

ஆகவே நடுவர் ஐயா, உறவை வளர்ப்பது குறையைச் சொல்லும் நேர்மையே என்று தீர்ப்பளியுங்கள். என் பேச்சுல குறை இருந்தாலும் தாராளமாச் சொல்லுங்க, உறவு வளரட்டும்! (சிரிப்பு)